5 மன்றங்கள், ஒரே ஒரு சின்ன ரிங்க்: கல்லூரி ஐஸ் ஹாக்கி கான்பரன்ஸுக்கு அட்டவணையும் விதிகளும் போடுவது எப்படி?

நீலக்கோடு (கேள்வி)

சிங்கப்பூரில் மூன்று பல்கலைக்கழகம், இரண்டு பலதுறைத் தொழிற்கல்லூரி என ஐந்து மன்றங்கள் சேர்ந்து அடுத்த ஆண்டு ஒரு சின்ன ஐஸ் ஹாக்கி கான்பரன்ஸ் நடத்தலாம் என்று பேச்சு நடக்கிறது. அமெரிக்கக் கல்லூரி மன்றங்கள் வட்டார வாரியாக ஆடுவது மாதிரிதான்: லீக் சுற்று, புள்ளிப் பட்டியல், கடைசியில் ப்ளேஆஃப்.

நிலவரம் இதுதான். ஜேகியூப் ரிங்க் 2023 ஆகஸ்டில் மூடியபிறகு முழு அளவுத் தளம் கைக்கு எட்டவில்லை. இப்போது பேசி வைத்திருக்கும் தளம் ஏறக்குறைய 40 x 20 மீட்டர். வார நாள் இரவில் 75 நிமிட ஸ்லாட், ஓர் இரவுக்கு இரண்டு. பனியில் நடுக்கோடு இருக்கிறது, நீலக்கோடு கிடையாது (என் புனைபெயருக்கு வந்த சோதனை). ஓர் அணிக்கு 10 முதல் 15 பேர். ஐந்து அணிக்கும் சேர்த்து கோலி நான்கே பேர். ஓர் அணியில் கோலியே இல்லை.

தெரிய வேண்டியவை: எத்தனை ஆட்டம் வைக்கலாம், எந்த மாதங்களில்? 75 நிமிடத்துக்குள் ஓர் ஆட்டத்தை எப்படி முடிப்பது? சமப் புள்ளி வந்தால் யார் மேலே? ஒரு பருவத்துக்கு மட்டும் வரும் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களை ஆடவிடலாமா? செலவை எப்படிப் பிரிப்பது? ஏற்கெனவே லீக் நடத்திப் பழகியவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

---

மேசைக்கணக்கு

முதலில் ரிங்க் அலுவலகத்தில் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்: அந்த 75 நிமிடத்துக்குள் பனி சமன்செய்யும் நேரமும் அடங்குமா? வண்டி உள்ளே வந்து, தண்ணீர் விட்டு, அது உறைய 10 முதல் 12 நிமிடம் போய்விடும். உங்கள் கணக்கில் சேர்ந்தால் கையில் நிற்பது 63 நிமிடம்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் விதிப்புத்தகம் எழுதினால் முதல் இரவே மூன்றாம் பீரியட் நடுவில் விளக்கை அணைப்பார்கள்.

75 முழுதும் உங்களுக்கே என்றால் இப்படிப் பிரியுங்கள். வார்ம்-அப் 4 நிமிடம். 18 நிமிடப் பீரியட் மூன்று, கடிகாரம் நிற்காமல் ஓடும்: 54. இடைவேளை ஒரு நிமிடம் வீதம் இரண்டு: 2. வித்தியாசம் இரண்டு கோலுக்குள் இருந்தால் மட்டும் கடைசி 2 நிமிடத்தில் விசிலுக்கு விசில் கடிகாரத்தை நிறுத்துவது, அதற்குக் கூடுதலாக 4. டைம்-அவுட் அணிக்கு ஒன்று, 30 விநாடி: 1. சமன் ஆனால் ஷூட்-அவுட்டுக்கு (ஒவ்வொருவராகத் தனியே எதிரணிக் கோலியை எதிர்த்து அடிப்பது) 5. கைகுலுக்கி வெளியேற 2. ஆக 72, மூன்று நிமிடம் கையிருப்பு. 63 நிமிடம்தான் என்றால் பீரியடை 15 ஆகக் குறையுங்கள். கூட்டிப் பார்த்தால் 63 சரியாக வரும், ஆனால் ஒரு நிமிடம்கூட மிஞ்சாது. அப்போது டைம்-அவுட்டை எடுத்துவிடுவதே நல்லது.

முறையான 20 நிமிடம் மூன்று, கடிகாரம் நின்று ஓடுவது, 15 நிமிட இடைவேளை என்று போனால் இரண்டே கால் மணி நேரமாவது ஆகும். அந்த ஆசையை லீக் சுற்றில் விட்டுவிடுங்கள்.

அடுத்து அட்டவணை. ஐந்து அணி ஒருமுறை மோதினால் 10 ஆட்டம், இருமுறை என்றால் 20. இரவுக்கு இரண்டு ஸ்லாட் என்பதால் ஒருமுறைக்கு 5 இரவு, இருமுறைக்கு 10. முதல் ஆண்டில் ஒருமுறை போதும். கீழே முதலில் இருப்பது ஹோம் அணி, இரண்டாவதாக எழுதிய ஆட்டம் பிந்திய ஸ்லாட்.

சுற்று 1: 5–2, பிறகு 3–4. ஓய்வு 1.
சுற்று 2: 2–3, பிறகு 5–1. ஓய்வு 4.
சுற்று 3: 4–1, பிறகு 3–5. ஓய்வு 2.
சுற்று 4: 1–3, பிறகு 2–4. ஓய்வு 5.
சுற்று 5: 4–5, பிறகு 1–2. ஓய்வு 3.

எண்ணிப் பாருங்கள்: எல்லாருக்கும் நான்கு ஆட்டம், அதில் இரண்டு ஹோம், இரண்டு பிந்திய ஸ்லாட், ஓர் ஓய்வு. பிந்திய ஸ்லாட்டை இப்படிப் பங்கிட்டே ஆக வேண்டும். கோலியின் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி எம்ஆர்டி ரயிலைத் துரத்துவது ஒரே அணியின் தலையெழுத்தாகிவிடக் கூடாது. எந்த அணிக்கு எந்த எண் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், ஆனால் கோலி இல்லாத அணிக்கு மட்டும் எண் 1 கொடுங்கள். காரணம் கீழே யாராவது சொல்வார்கள், இல்லாவிட்டால் நானே வருகிறேன்.

எல்லாரும் ஒரே ரிங்கில் ஆடும்போது ஹோம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். விசிலுக்குப் பிறகு ஆள் மாற்றும்போது கடைசியாக மாற்றும் உரிமை ஹோம் அணிக்கு, அடர்நிறச் சட்டையும் அவர்களுக்கு, புறஅணி வெள்ளை. ஒவ்வொரு அணியும் இரண்டு நிறமும் வைத்திருக்க வேண்டும். ஐந்தில் மூன்று அணி சிவப்பு என்று வந்து நிற்பது நம் ஊரில் நடக்கக்கூடியதே.

ஓய்வில் இருக்கும் அணி சும்மா இருக்கக் கூடாது. அன்றைய மேசை வேலை அவர்களுடையது: ஸ்கோர்ஷீட் எழுத ஒருவர், கடிகாரத்துக்கு ஒருவர், பெனால்டி பெஞ்சுக்கு இருவர். நான்கு பேர் வராவிட்டால் அந்த அணிக்கு அபராதம். இதை விதியிலேயே எழுதிவிட்டால் தன்னார்வலர் தேடி அலைய வேண்டாம்.

மாதங்கள்தான் உண்மையான தலைவலி. பல்கலைக்கழகங்களுக்கு ஆகஸ்ட் பருவம்; நடுவில் செப்டம்பர் கடைசியில் இடைவேளை வாரம்; நவம்பர் பிற்பாதியில் தேர்வு. பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கோ ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகஸ்ட் கடைசியில் தேர்வு, செப்டம்பரில் விடுமுறை, அக்டோபரில் அடுத்த பருவம், பிப்ரவரியில் மறுபடி தேர்வு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லீக் சுற்றுக்குப் பொருந்துவது செப்டம்பர் இரண்டாம் வாரம் முதல் நவம்பர் முதல் வாரம் வரை. அதில் இடைவேளை வாரத்தைக் கழித்து, அந்த ஆண்டு தீபாவளி விழும் வாரத்தையும் கழித்தால், ஐந்து இரவு வசதியாகக் கிடைக்கும். ஓர் இரவு உபரியாகவும் பதிவுசெய்து வையுங்கள். பனி இயந்திரம் பழுதானால் உதவும்.

ப்ளேஆஃபை நவம்பரில் திணிக்காதீர்கள். ஜனவரி நடுப்பகுதி நல்லது: பல்கலைக்கழகப் பருவம் தொடங்கியிருக்கும், பலதுறைத் தொழிற்கல்லூரித் தேர்வு இன்னும் வந்திருக்காது. சீனப் புத்தாண்டு, தைப்பூசம் இரண்டையும் பார்த்துத் தேதி குறியுங்கள்.

முதல் நான்கு அணிக்கு அரையிறுதி, ஒரே இரவில் இரண்டு ஆட்டம். இறுதி இரவில் மூன்றாம் இடப் போட்டி வைக்காதீர்கள். அரையிறுதியில் தோற்றபின் அரைமனதோடு ஆட யாரும் விரும்புவதில்லை. அந்த இரவின் இரண்டு ஸ்லாட்டையும், 150 நிமிடத்தையும், இறுதி ஆட்டத்துக்கே கொடுங்கள். 15 நிமிடப் பீரியட் மூன்று, கடிகாரம் நின்று ஓடட்டும், நடுவில் ஒருமுறை பனியைச் சமன்செய்யட்டும், கூடுதல் நேரமும் ஆடலாம்.

செலவு. வாடகை மணிக்கு 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நடுவர் ஒருவருக்கு ஆட்டத்துக்கு 50 வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். உபரி இரவைச் சேர்க்காமல் 7 இரவு, 14 ஸ்லாட், 17.5 மணி நேரம்: 7,000. நடுவர் இருவர், 13 ஆட்டம்: 1,300. எதிர்பாராததற்குப் பத்து விழுக்காடு: 830. மொத்தம் 9,130, அணிக்கு 1,826. பதினான்கு பேர் என்றால் தலைக்கு ஏறக்குறைய 130. உங்கள் ரிங்க் சொல்லும் உண்மையான தொகையை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

தொகையை ஆளுக்கு இவ்வளவு என்று கான்பரன்ஸ் வசூலிக்கக் கூடாது, அணிக்கு இவ்வளவு என்றுதான் வசூலிக்க வேண்டும். ஆள் கணக்கில் போனால் அக்டோபரில் மூன்று பேர் விலகியதும் பள்ளம் விழும். அதோடு ஒவ்வோர் அணியிடமும் ஒரு ஸ்லாட்டும் நடுவர் கட்டணமும் சேர்ந்த தொகையை, மேலே சொன்ன கணக்கில் 600 வெள்ளி, முன்பணமாக வாங்கி வையுங்கள். ஆட்டத்துக்கு வராமல் போனால் அது போச்சு. இந்த ஒரு விதி இருந்தால் “அன்று எங்களுக்கு ப்ராஜெக்ட் சப்மிஷன்” என்ற குறுஞ்செய்தி பாதியாகக் குறையும்.

---

கோடுபோட்டசட்டை

அட்டவணை சரி. ஆட்ட விதிக்கு வருவோம். 40 x 20-ல் ஐந்துக்கு ஐந்து ஆடாதீர்கள். சர்வதேச அளவு 60 மீட்டர் நீளம், 26 முதல் 30 மீட்டர் அகலம். உங்கள் தளம் பரப்பில் அதில் பாதி. பத்து ஸ்கேட்டர்களை அதில் இறக்கினால் பக் (அடித்து ஆடும் ரப்பர் வட்டு) ஒரு மூலையில், பத்துப் பேரும் அதே மூலையில். நான்குக்கு நான்கும் கோலியும் போதும். எட்டு ஸ்கேட்டர் இருந்தால் இரண்டு லைன் (ஒன்றாக இறங்கி ஒன்றாக மாறும் நால்வர்), பன்னிரண்டு இருந்தால் மூன்று. ஷிஃப்ட், அதாவது ஒரு லைன் ஒருமுறை பனியில் நிற்கும் நேரம், 40 முதல் 45 விநாடி. கடிகாரம் நிற்காமல் ஓடும் ஆட்டத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்பவர் திரும்பி வரும்போது தற்காப்புக்கு ஓடி வர மாட்டார். கோல் அங்கேதான் விழும்.

நீலக்கோடு இல்லாததால் ஆஃப்சைடை நடுக்கோட்டில் வையுங்கள்: பக் நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன் தாக்கும் அணியினர் யாரும் தாண்டக் கூடாது. ஆஃப்சைடே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஒருவர் எதிரணி கோலி பக்கத்திலேயே நின்று நீளப் பாஸுக்குக் காத்திருப்பார், ஆட்டம் பாழ். ஐசிங் விதியை (தன் பாதியிலிருந்து பக்கை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி அடித்துவிடுவதற்கான தடை) எடுத்துவிடலாம். இவ்வளவு குட்டையான தளத்தில் அதற்கு விசில் ஊதினால் வேறு எதற்கும் நேரம் இருக்காது.

பலகைக்கு மேல் உயரமான கண்ணாடியோ வலையோ இல்லாத பொது ஸ்கேட்டிங் ரிங்க் என்றால் ஸ்லாப் ஷாட் (ஸ்டிக்கைப் பின்னே ஓங்கி அடிப்பது) தடை. ஸ்டிக் பின்னே போகும்போது இடுப்புக்கு மேல் எழுந்தால் விசில், ஃபேஸ்-ஆஃப் (நடுவர் இருவர் நடுவே பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) எதிரணிக்குச் சாதகமான இடத்தில். 160 கிராம் சொச்சம் எடையுள்ள ரப்பர் கட்டி பார்வையாளர் முகத்தில் பட்டால் அந்த ரிங்க் அதன்பின் ஹாக்கிக்குக் கதவைத் திறக்காது.

பாடி செக் (எதிராளியை உடலால் மோதித் தள்ளுவது) அறவே வேண்டாம். உங்கள் லீக்கில் இது வெறும் மிதவாதம் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரிப் பையனுக்கு 17 வயது. பல்கலைக்கழக அணியில் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) முடித்து வந்தவருக்கு 23, 24. அந்த எடை வித்தியாசத்தோடு பலகையில் மோதவிட முடியாது. பிரிட்டனில் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கியை நடத்தும் பியூஐஎச்ஏ-வும் செக்கிங், நான்-செக்கிங் என்று அடுக்குகளைப் பிரித்தே வைத்திருக்கிறது. ஆனால் செக்கிங் இல்லை என்றால் தொடவே கூடாது என்று அர்த்தமில்லை. பக்கை நோக்கிப் போகும்போது தோளோடு தோள் உரசுவது, உடலைக் குறுக்கே வைத்துப் பக்கை மறைப்பது எல்லாம் ஆட்டம். பக்கை விட்டு ஆளைக் குறி வைப்பதுதான் குற்றம். இதை அணித் தலைவர்களுக்குப் பனியில் நின்று காட்டுங்கள், காகிதத்தில் புரியாது.

பெனால்டி நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தால் 2 நிமிட மைனரில் (சிறு தவறுக்கு ஆள் வெளியே உட்காரும் தண்டனை), ஃபேஸ்-ஆஃபுக்கு ஆள் வரிசைப்படுவதிலேயே அரை நிமிடம் கரைந்துவிடும். தவறு செய்த அணி வேண்டுமென்றே மெதுவாக வரும். இரண்டு வழி: பெனால்டிக் கடிகாரத்தைப் பக் கீழே விழும் விநாடியில் இருந்து தொடங்குவது, அல்லது மைனரை 3 நிமிடமாக்குவது. மேசையில் புதியவர்கள் உட்கார்ந்தால் இரண்டாவது வழிதான் குழப்பமில்லாதது. பின்னாலிருந்து தள்ளினால் 5 நிமிடமும் ஆட்டத்திலிருந்து வெளியேற்றமும். கையை ஓங்கினால் அந்த ஆட்டமும் அடுத்த ஆட்டமும் இல்லை. இரண்டாம் முறை என்றால் பருவம் முழுதும்.

நடுவர் இருவர் வேண்டும். ஒருவர் போதும் என்று செலவைக் குறைக்கப் பார்ப்பார்கள். ஒருவர் பக்கைப் பார்க்கும்போது அவர் முதுகுக்குப் பின்னால்தான் ஸ்டிக்கால் கணுக்காலில் அடிப்பது நடக்கும். நடுவர் ஆடும் மன்றங்களில் ஒன்றைச் சேர்ந்தவராக இருந்தால் தன் அணி ஆட்டத்துக்கு வரக் கூடாது. அதை ஐந்து சுற்றுக்கும் முன்கூட்டியே பெயர் போட்டு வையுங்கள்.

புள்ளி: ஒழுங்கு நேரத்தில் வென்றால் 3, ஷூட்-அவுட்டில் வென்றால் 2, அதில் தோற்றால் 1, நேரத்துக்குள் தோற்றால் 0. சர்வதேச ஐஸ் ஹாக்கிச் சம்மேளனமும் இந்த முறையைத்தான் வைத்திருக்கிறது. ஷூட்-அவுட்டில் அணிக்கு மூவர், பிறகு ஒவ்வொருவராக.

சமப் புள்ளிக்கு வரிசை: சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளி, அதே ஆட்டங்களின் கோல் வித்தியாசம், அதே ஆட்டங்களில் அடித்த கோல், அதன்பிறகு மொத்தக் கோல் வித்தியாசம், கடைசியில் சீட்டு. ஓர் உதாரணம். அ, ஆவை 3–1 என வென்றது. ஆ, இயை 4–2 என வென்றது. இ, அவை ஷூட்-அவுட்டில் 2–1 என வென்றது. மூவரும் மொத்தப் பட்டியலில் சமம் என்றால் இந்தக் குட்டிப் பட்டியலில் அ-வுக்கு 4, ஆ-வுக்கு 3, இ-க்கு 2. ஷூட்-அவுட்டில் தோற்று வாங்கிய அந்த ஒற்றைப் புள்ளியே அ-வை மேலே கொண்டுபோகிறது. இதை முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லாத் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு விதி எழுதினால் எந்த விதியும் யாருக்கோ சாதகமாகத்தான் தெரியும்.

மொத்தக் கோல் வித்தியாசத்தில் ஓர் ஆட்டத்துக்கு 7-க்கு மேல் எண்ணாதீர்கள். வரம்பு இல்லாவிட்டால் பலவீனமான அணியை 15–0 என்று அடிப்பதற்கு நீங்களே கூலி கொடுக்கிறீர்கள்.

---

வலைகாப்பு

கோலி விஷயத்துக்கு வருகிறேன். மேசைக்கணக்கு எண் 1 என்று ஏன் சொன்னார் என்றால் அட்டவணையைப் பாருங்கள். அணி 1 ஆடும் நான்கு சுற்றிலும் ஓய்வில் இருப்பவை முறையே 4, 2, 5, 3. அதாவது கோலி உள்ள ஒவ்வோர் அணியின் கோலியும் ஒரே ஒருமுறை அணி 1-க்கு நின்றால் போதும். யாரும் ஒரே இரவில் இரண்டு ஆட்டம் நிற்க வேண்டாம், யாரும் இரவல் கோலியைத் தேடி ஓட வேண்டாம். அணி 1 அரையிறுதிக்குப் போனால் வெளியேறிய ஐந்தாம் அணியின் கோலி நிற்கட்டும்.

தம் அணிக்குப் போட்டியாக இருக்கும் அணிக்காக நிற்பதால் வேண்டுமென்றே விடுவாரோ என்ற முணுமுணுப்பு எழும். கோலிகளைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள், ஆனாலும் விதியில் எழுதுங்கள்: இரவல் கோலி நின்ற ஆட்டத்தில் அதைக் காரணம் காட்டி மேல்முறையீடு கிடையாது.

கருவியை மன்றம் வாங்கிப் பொதுவில் வைப்பதைவிட, கோலி தன் கருவியோடு வருவதே நல்லது. கால் பேட் முழங்கால் இருக்கும் இடத்துக்குப் பொருந்த வேண்டும்; கொஞ்சம் மேலே கீழே போனாலும் முழங்கால் பக்கத்திலோ தொடை இடைவெளியிலோ பக் நேராக விழும். பொதுவில் வாங்கத்தான் வேண்டும் என்றால் மார்புக் கவசத்தைப் பொதுவில் வைக்கலாம். மாஸ்க், பேட் இரண்டும் வேண்டாம்.

ஆட்டத்தின் நடுவில் கோலி காயப்பட்டால்? கடிகாரம் ஓடும் ஆட்டத்தில் இன்னொருவர் கருவி மாட்டி வரக் கால் மணி நேரம் ஆகும், ஆட்டமே முடிந்துவிடும். எனவே கோலி இல்லாமல் ஐந்தாவது ஸ்கேட்டரை இறக்கி ஆடலாம், எதிரணி நடுக்கோட்டைத் தாண்டிய பிறகே ஷாட் அடிக்கலாம் என்று விதி வையுங்கள். அழகான விதி இல்லை. ஆனால் ஆட்டம் முடியும்.

---

தண்டவாளம்

எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் பற்றி யாரும் தொடவில்லையே. என் கருத்து: ஒருவரையும் சேர்க்காதீர்கள். பின்லாந்திலோ கனடாவிலோ ஐந்து வயதில் ஸ்கேட் மாட்டியவர் ஒருவர் இறங்கினால் இந்தச் சின்னத் தளத்தில் தனியாளாக ஆறு கோல் அடித்துவிட்டுப் போவார். நம் பிள்ளைகள் பக்கைத் தொடவே மாட்டார்கள். போட்டி என்பது எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதிக எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தம் என்பதாக முடியும்.

---

கோடுபோட்டசட்டை

தண்டவாளம் சொல்வதில் பாதி சரி. ஆனால் முழுத் தடை போட்டால் பத்துப் பேர் உள்ள அணி ஏழாகும், ஆட்டத்துக்கே வர முடியாது. அவர்களோடு பயிற்சியில் நிற்பதால் மற்றவர்களின் வேகம் கூடுவதையும் மறக்காதீர்கள்.

அமெரிக்காவில் 1991 முதல் மன்ற ஹாக்கியை நடத்தும் ஏசிஎச்ஏ-வின் அடிப்படைத் தகுதி எளிது: முழுநேர மாணவராக இருக்க வேண்டும், சராசரி மதிப்பெண் 2.0-க்குக் குறையக் கூடாது, ஐந்து பருவத்துக்கு மேல் ஆட முடியாது. எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. ஆனால் அவர்களுக்கு டிவிஷன் 1, 2, 3 என்று அடுக்குகள் இருக்கின்றன. வலுவானவர்கள் மேலே போய்விடுகிறார்கள். நமக்கு ஒரே அடுக்கு. ஆகவே திறமையை அணிக்குள்ளேயே பங்கிட வேண்டும்.

வேலைக்காகும் விதி: வெளிநாட்டில் வயதுவாரி லீக்கில் முறையாக ஆடியவர் யாராக இருந்தாலும், எக்ஸ்சேஞ்ச் மாணவரோ இங்கேயே பிறந்து வளர்ந்தவரோ, அவர் ‘ஏ’ ஆட்டக்காரர். ஓர் அணிப் பட்டியலில் மூவருக்கு மேல் கூடாது, ஒரே நேரத்தில் பனியில் ஒருவர்தான். ‘ஏ’ ஆட்டக்காரர்களின் ஹெல்மெட்டில் ஒரு நிற டேப் ஒட்டிவிட்டால் நடுவருக்கு எண்ணுவது சுலபம். கடவுச்சீட்டை வைத்துத் தடுப்பதைவிட ஆடிய லீக்கை வைத்து வரம்பு போடுவது நியாயம். ஸ்டாக்ஹோமில் வளர்ந்துவிட்டு தேசிய சேவைக்குத் திரும்பி வந்த சிங்கப்பூர்ப் பையனும் அதே ஆறு கோல் அடிப்பான்.

ப்ளேஆஃபுக்கு இன்னொரு நிபந்தனை: லீக்கின் நான்கு ஆட்டத்தில் குறைந்தது இரண்டில் ஸ்கோர்ஷீட்டில் பெயர் இருந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் வந்த எக்ஸ்சேஞ்ச் மாணவர் டிசம்பரில் போய்விடுவார். ஜனவரியில் புதிதாக வருபவருக்கு இரண்டு ஆட்டம் இருக்காது. ப்ளேஆஃப் தானாகவே ஆண்டு முழுக்க இருப்பவர்கள் கைக்கு வந்துவிடும். மேசைக்கணக்கு ப்ளேஆஃபை ஜனவரிக்குத் தள்ளியதில் இந்த லாபமும் இருக்கிறது.

---

தண்டவாளம்

ஒரே நேரத்தில் பனியில் ஒருவர் என்றால் ஒத்துக்கொள்கிறேன். மூன்று என்பதை இரண்டாக்குங்கள். மூவர் இருந்தால் மூன்று லைனிலும் ஒவ்வொருவர் நிற்பார், எந்த நேரமும் ஒருவர் உள்ளேதான் இருப்பார்.

---

மருந்துப்பெட்டி

பாதுகாப்பு பற்றி. கழுத்துக் காப்பு கட்டாயம், விதிவிலக்கு இல்லை. 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஓர் ஆட்டத்தின்போது அமெரிக்க ஆட்டக்காரர் ஆடம் ஜான்சன் கழுத்தில் ஸ்கேட் பிளேடு பட்டு இறந்த பிறகு இங்கிலாந்தில் அது 2024 ஜனவரி முதல் கட்டாயமானது. சர்வதேசச் சம்மேளனமும் தன் எல்லாப் போட்டிகளுக்கும் கட்டாயமாக்கியது. வாங்கும்போது வெட்டுத் தாங்கும் துணியா என்று பாருங்கள். வெறும் பஞ்சு வைத்த பட்டை போதாது. அதே துணியில் காலுறையும் மணிக்கட்டுப் பட்டையும் வருகின்றன. கணுக்காலின் பின்புறத் தசைநாண் ஸ்கேட் வாய்க்கு மேலே திறந்தே கிடக்கிறது என்பதை மறக்கிறார்கள்.

முழு முகக் கேஜ் எல்லாருக்கும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து. அதைப் பலதுறைத் தொழிற்கல்லூரி மன்றம் பருவத் தொடக்கத்திலேயே வாங்கி வைக்கட்டும்.

தலையில் அடிபட்டு ஒருவர் தடுமாறினாலோ, கேள்விக்குக் குழப்பமாகப் பதில் சொன்னாலோ, வாந்தி வருகிறது என்றாலோ அன்று அவருக்கு ஆட்டம் முடிந்தது. “நல்லாத்தான் இருக்கேன்” என்ற சொல்லை மதிக்கக் கூடாது. திரும்ப இறக்கும் அதிகாரம் பயிற்றுநருக்கும் கிடையாது, மருத்துவர் சீட்டு வேண்டும். இதை மேசையில் இருக்கும் ஓய்வு அணி ஸ்கோர்ஷீட்டிலேயே குறித்துவிட்டால் அடுத்த வாரம் சத்தமில்லாமல் இறங்க முடியாது.

மேசையில் இருக்க வேண்டியவை: பெரிய அழுத்தத் துணிக்கட்டு, கையுறை, கத்தரி, ஐஸ் பை, ரிங்க் முகவரியும் அவசர ஊர்தி நுழையும் வாசலும் எழுதிய அட்டை. மால்களில் 995-க்கு அழைத்தால் எந்த வாசல் என்ற கேள்வியில்தான் நேரம் போகும். கீழே போய் நிற்க ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். ஏஇடி (நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) எங்கே மாட்டியிருக்கிறது என்று முதல் இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கருவி. நம் ஊர் ஈரப்பதத்தில் ஸ்கேட்டைப் பைக்குள் வைத்து மூடினால் இரண்டு நாளில் துருப் புள்ளி. பிளேடைத் துடைத்து, துணி உறை போடுங்கள்; பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும், அதற்குள் தண்ணீர் தேங்கும். வீட்டில் மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள். மூங்கில் கம்பில் துணி காயப்போடும் இடத்தில் வெயிலில் வைத்தால் பூட்டின் பசை இளகும். மால் ரிங்கின் பனி ஹாக்கிப் பனியைவிட மென்மையாக இருப்பது வழக்கம். கூர் தீட்டும்போது அரை அங்குல ஆரக் குழிவுக்குப் பதில் எட்டில் ஐந்து (5/8) அங்குல ஆரம், அதாவது கொஞ்சம் ஆழம் குறைந்த குழிவு, கேட்டுப் பாருங்கள். பிளேடு பனியில் அதிகம் புதையாது.

---

நீலக்கோடு

எல்லாருக்கும் நன்றி. ‘ஏ’ ஆட்டக்காரர் பட்டியலில் இரண்டு, பனியில் ஒன்று என்று முன்வைக்கிறேன். ஒரு கேள்வி பாக்கி: இறுதி ஆட்டத்தை மட்டும் எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூர் பாருவில் பெரிய தளத்தில் வைத்தால் என்ன என்று ஒரு மன்றம் கேட்கிறது.

---

மேசைக்கணக்கு

முதல் ஆண்டில் வேண்டாம் என்பேன். வெள்ளிக்கிழமை மாலை காஸ்வேயில் (மலேசியாவுக்குப் போகும் கடல்வழிச் சாலை) எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, ஸ்லாட் நேரமோ காத்திருக்காது. போகத்தான் வேண்டும் என்றால் ஞாயிறு அதிகாலை ஸ்லாட் எடுங்கள், எல்லை தாண்ட அனுமதி உள்ள பேருந்து பேசுங்கள், பைகள் ஸ்கேனரில் போக ஆகும் நேரத்தைச் சேர்த்து ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே கிளம்புங்கள். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் அல்லாத பெரும்பாலானவர்கள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை வந்துசேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சில நாட்டு மாணவர்களுக்கு விசாவும் தேவைப்படும். மன்றத்தின் காப்பீடு வெளிநாட்டு ஆட்டத்துக்குச் செல்லுமா என்று கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் தனியாக எடுக்கச் சொல்வார்கள்.

அதோடு அணிகள் பருவம் முழுக்க நான்குக்கு நான்கு, நடுக்கோட்டு ஆஃப்சைடில் ஆடிவிட்டு இறுதியில் மட்டும் ஐந்துக்கு ஐந்து, நீலக்கோடு, ஐசிங் என்று மாறினால் முதல் பீரியட் முழுக்க விசில்தான் கேட்கும். பெரிய தளம் வேண்டுமென்றால் டிசம்பர் விடுமுறையில் புள்ளி இல்லாத ஒரு நட்பு ஆட்டத்தை அங்கே வைத்து விதிகளைப் பழகிக்கொள்ளுங்கள்.

---

கோடுபோட்டசட்டை

நட்பு ஆட்டம் என்றாலும் ஸ்கோர்ஷீட் எழுதுங்கள். வெளியேற்றம் வாங்கியவரின் தடை லீக்குக்கும் தொடரும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஷீட்டில் கோல் அடித்த நேரம், அடித்தவர் எண், உதவிய இருவர் எண், பெனால்டி தொடங்கிய முடிந்த நேரம், நின்ற கோலி பெயர் ஐந்தும் இருந்தால் போதும். ஆட்டம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் இரு தலைவர்களும் கையெழுத்திட்ட படத்தைக் குழுவில் போடாவிட்டால் மேல்முறையீட்டு உரிமை போய்விடும் என்று வையுங்கள்.

---

நீலக்கோடு

ரிங்க் அலுவலகத்தில் கேட்டுவிட்டேன்: பனி சமன்செய்வது 75 நிமிடத்துக்கு வெளியே, ஆனால் முதல் ஸ்லாட்டுக்கு முன் மட்டும்தான். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் வண்டி வராதாம்.

---

மேசைக்கணக்கு

அப்படியென்றால் 18 நிமிடப் பீரியடே வையுங்கள், 72 கணக்கு நிற்கும். இரண்டாம் ஆட்டத்தில் பக் தாவும், அதற்கு இரண்டு கோல் முன்னாலும் வெட்டுப்பட்ட பனியை இரண்டு மண்வாரியால் பலகைப் பக்கம் தள்ளிவிடுங்கள். இடைவேளையின் ஒரு நிமிடம் அதற்குப் போதும். பிந்திய ஸ்லாட் எல்லாருக்கும் இரண்டு என்பதால் பாரபட்சம் என்று யாரும் பேச முடியாது. உபரி இரவைப் பதிவுசெய்யும்போது அன்றாவது நடுவில் ஒருமுறை வண்டி விடக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு வையுங்கள், அரையிறுதி இரவுக்குப் பயன்படும்.